சுவிஸ் ஐரோப்பாவில் இல்லை என்று நான் சொன்ன நாள்

கனடாவுக்கு வந்த எங்கள் இலங்கை ஆட்களின் ஒவ்வொரு குடும்பத்திலும் கடிதம் வாசிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அரசாங்க முத்திரையோடு தபாலில் எது வந்தாலும் முதலில் அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் போகும். பிள்ளை வாசித்துவிட்டு, "பயப்பட ஒண்டுமில்லை" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் தேத்தண்ணி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

பதினொரு வயதில் தொடங்கிய உத்தியோகம் அது. அப்பாவின் பிறம்ரன் வேர்ஹவுஸ் வேலைக்கான படிவம், அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம், பரா மாமாவுக்கு பொலிஸ் எழுதிய ரிக்கெற், பக்கத்து வீட்டு அன்ரியின் ஓய்வூதியம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. (மாமாவின் ரிக்கெற்றில் மட்டும் தோற்றோம். மனுசன் உண்மையாகவே சிவப்பு விளக்கில் போயிருந்தார்.) பத்து வருடமாக ஒருவரும் பிழை பிடிக்காமல் ஒரு பிள்ளையை நம்பினால் அதற்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்? எனக்கு நன்றாகவே ஏறியது. இருபத்தொரு வயதில், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில், ஐரோப்பாவின் அகதிக் கொள்கை பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதி பி பிளஸ் வாங்கியதோடு அது உச்சிக்குப் போய்விட்டது.

அந்தக் கட்டுரை டப்ளின் விதியைப் பற்றியது. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஒருவர் எந்த நாட்டு விசாவில் உள்ளே வந்தாரோ, அல்லது எந்த நாட்டில் முதலில் கைரேகை வைத்தாரோ, பெரும்பாலும் அந்த நாடுதான் அவருடைய அகதி வழக்கை விசாரிக்க வேண்டும். வேறு நாட்டுக்குப் போய்க் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். இவ்வளவும் எனக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவளால் வருகிற ஆபத்து ஒன்றுமே தெரியாதவளால் வராது என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, விட்பியில் பரா மாமாவின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். மரமே இல்லாத புதுத் தெரு, வாசலில் சேறு, உள்ளே இன்னும் பிரிக்காத பெட்டிகள். அஜின்கோர்ட்டிலிருந்து எடுப்பித்த சாப்பாட்டை எல்லாரும் பெட்டிகளின் மேலே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாமாவின் போனில் ரூபன் அண்ணா வீடியோவில் வந்தார்.

ரூபன் அண்ணா என் சின்னம்மாவின் மகன். ஊரில் காணாமல் போனவர்களின் தாய்மார் நடத்திய போராட்டத்தைப் படம் எடுத்ததற்காக நாலு தரம் விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவர். ஐந்தாவது தரம் கூப்பிட முதல், போலந்தில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு விசா எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். வார்சோவில் வந்து இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அவருடைய மனம் முழுக்க சூரிச்சில் இருந்தது. அங்கேதான் அவருடைய அக்கா வசந்தி இருந்தார். வசந்தி அக்கா பெரும்பாடு பட்டு ஊரிலிருந்து எடுப்பித்த சின்னம்மாவும் அங்கே இருந்தார். சின்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்து எட்டு மாதம். தாயும் மகனும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து ஐந்து வருடம்.

"மாமா, நான் இஞ்சையே அகதி கேக்கிறதோ, அம்மாட்டப் போய்க் கேக்கிறதோ?" என்று ரூபன் அண்ணா கேட்டார். "ஆளுக்கொரு கதை சொல்லினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

மாமா யோசிக்கவே இல்லை. "பொறு. அபி நிக்கிறாள். உவள் உதைத்தான் படிச்சவள்."

போன் என்னிடம் வந்தது. இருபது பேர் சாப்பாட்டுத் தட்டோடு என்னைச் சுற்றி நின்றார்கள். இன்னொரு போனில் சூரிச்சிலிருந்து வசந்தி அக்காவும், அவருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் சின்னம்மாவும் வந்து சேர்ந்தார்கள். இப்படி ஒரு சபை என் வாழ்க்கையில் அதற்கு முன் கிடைத்ததில்லை. எனக்குத் தெரியாது, ஒரு வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் ஒரு மார்க்கர் கேட்டேன்.

மார்க்கர் வந்தது. 'சமையலறை' என்று எழுதியிருந்த பெட்டியின் மூடியைக் கிழித்து ஐரோப்பாவை வரைந்தேன். (வரைந்தது கோழிக்கால் மாதிரி இருந்ததாக அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.) ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளை எல்லாம் கோடு போட்டு இணைத்தேன். நடுவில் சுவிற்சர்லாந்தைச் சுற்றி மட்டும் தடித்த வேலி ஒன்று போட்டேன்.

"சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லை," என்றேன். "அப்ப இந்த ஒப்பந்தம் அவைக்கு இல்லை. போலந்து விசா குடுத்தது அவைக்குத் தெரியவும் வராது. ரூபன் அண்ணா, நீங்கள் சுவிசுக்குப் போங்கோ."

கதவடியில் நின்ற பரா மாமாவின் மனுசி, எங்கள் மாமி, வாயில் ரோல்ஸோடு கேட்டார். "பிள்ளை, சுவிஸ் ஐரோப்பாவிலதானே இருக்கு? பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஆளையாள் கேக்க மாட்டினமே?"

மாமி அப்போது அஜின்கோர்ட்டில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். படிப்பு ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றது. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"மாமி, புவியியல் வேற, சட்டம் வேற," என்றேன்.

சபை 'ஓ' என்றது. மாமி மிச்ச ரோல்ஸோடு குசினிக்குள் போனார். அதோடு நான் நிறுத்தியிருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு தப்பியிருப்பேன். நிறுத்தவில்லை. போலந்து என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, பாஸ்போர்ட்டை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், நேரே வந்தேன் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசியாக, ஒருவரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னேன்.

"அம்மாவும் அக்காவும் அங்கை இருக்கினம் எண்டு சொல்லாதேங்கோ. சொன்னா, குடும்பத்தோட சேர வந்தவன், ஆபத்தில வந்தவன் இல்லை எண்டு நினைப்பினம். உங்கட கேஸ் பலவீனமாப் போயிடும்."

"அம்மாவை இல்லையெண்டு சொல்லோணுமோ?" என்று ரூபன் அண்ணா கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குத்தானே அண்ணா," என்றேன்.

சின்னம்மா அந்தப் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் அந்த நாட்களில் அவர் அதிகம் கதைப்பதில்லை. இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து, சூரிச்சுக்கு வந்து சேர்ந்த ரூபன் அண்ணாவை வசந்தி அக்கா தன் காரிலேயே கொண்டுபோய் அகதிகளைப் பதிகிற நிலையத்துக்கு ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு நடந்தவற்றை இரண்டு பேரும் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

விசாரணை நாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், உதவிக்கு அரசாங்கமே கொடுத்த ஒரு வக்கீல். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். ரூபன் அண்ணா நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். இந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

"ஒருத்தருமில்லை," என்றார் ரூபன் அண்ணா.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கவில்லை, கதவு தட்டப்பட்டது. காவலாளி ஒருவர் தலையை நீட்டினார். இவருடைய அக்கா வாசலில் சாப்பாட்டோடு நிற்கிறார், விசாரணை முடிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார் என்றார். கையில் நாலடுக்குக் கரியர். மேலே ஒட்டியிருந்த துண்டில் ரூபன் அண்ணாவின் முழுப்பெயர். வாசல் புத்தகத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா' என்று வசந்தி அக்கா முத்துமுத்தாக எழுதியிருந்தார்.

(பிறகு நான் அவரிடம் கேட்டேன், ஏன் அக்கா போனீங்கள் என்று. "நான் விசாரணைக்குப் போகேல்லையடி. சாப்பாடு குடுக்கத்தானே போனனான்," என்றார். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு விசயம். தம்பி பன்னிரண்டு நாளாகப் பாணும் சீஸும் சாப்பிடுகிறான் என்று தெரிந்த பிறகு எந்தச் சட்டம் அவரை வீட்டில் வைத்திருக்கும்?)

அதிகாரி கத்தவில்லை. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். போலந்து விசாவுக்காக ரூபன் அண்ணா கொழும்பில் எடுத்த படம் அதில் இருந்தது. ஸ்ரூடியோக்காரர் இரவல் கொடுத்த கழுத்து ரை, பவுடர் போட்ட முகம். சுவிஸ் ஒன்றியத்தில்தான் இல்லை. டப்ளின் ஒப்பந்தத்தில் அது கையெழுத்துப் போட்டுப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஒரு நாடு கொடுத்த விசா மற்ற நாடுகளின் கணினிகளுக்கெல்லாம் தெரியும். மாமி கேட்டது மாதிரி, பக்கத்து நாடுகள் ஆளையாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

செய்தி வந்தபோது நான் ஸ்காபரோவில் பஸ்ஸுக்குள் இருந்தேன். அப்போது நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ரூபன் அண்ணா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. பையைத் திறந்து என் கட்டுரையைத் தேடினேன், நான் சொன்னது சரி என்று காட்டுவதற்கு. நாலாம் பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: 'ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இணைந்த நாடுகள்?' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் குறிப்பை நான் முதலிலேயே பார்த்திருந்தேன். பி பிளஸ் எங்கே இருக்கிறது என்று தேடுகிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. அந்த வக்கீல் வசந்தி அக்காவைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். இதே டப்ளின் விதியில், கடும் நோயோடு இன்னொருவரின் உதவியில் இருக்கிற தாய் தகப்பனைப் பற்றி ஒரு பிரிவு இருக்கிறதாம். அப்படிப்பட்டவர்களைப் பிள்ளையோடு சேர்த்து வைக்கச் சொல்கிறதாம். தாயும் மகனும் தங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே அம்மா இங்கே இருக்கிறார், பக்கவாதம், நான்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதைக் கேட்டிருக்கலாமாம்.

"கேட்டிருந்தா கிடைச்சிருக்குமோ?" என்று வசந்தி அக்கா கேட்டிருக்கிறார்.

"கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டிருக்கலாம்," என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

இப்போது கேட்டார்கள். அம்மா இல்லை என்று சொன்ன வாயாலேயே, அம்மாவுக்கு நான் இல்லாமல் முடியாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. யார் நம்புவார்கள்? மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டிலும் மறுத்துவிட்டார்கள். அந்தப் பிரிவு நான் வாசித்து நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. கட்டுரைக்குப் பன்னிரண்டு பக்கம் போதும் என்று நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் வசந்தி அக்கா என்னை எட்டுத் தரம் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. வகுப்பு, வேலை, போனில் சார்ஜ் இல்லை என்று அம்மாவிடம் ஒவ்வொரு காரணமாகச் சொன்னேன். நாலாம் நாள் அப்பா பிறம்ரனில் வேலை முடிந்து வந்தார். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார். ஊரார் கடிதம் எல்லாம் வாசிச்சனி, உன்ரை போனை எடுக்கத் தெரியாதோ என்று மட்டும் கேட்டார். அவர் என்னை அடித்திருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

எடுத்தேன். வசந்தி அக்கா திட்டவே இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "போலந்தில இப்ப குளிரோ அபி? தம்பிக்கு நல்ல ஜக்கெற் ஒண்டும் இல்லை." நான் அழுதேன். "ஏன் அழுறாய்? குளிரோ எண்டுதானே கேட்டனான்," என்றார்.

ரூபன் அண்ணாவை போலந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய வழக்கு மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் நம்பினார்கள், இருக்க அனுமதி கொடுத்தார்கள். அந்த மூன்று வருடமும் அவர் சூரிச்சுக்கு வர முடியாது. வருடத்தில் ஒருதரம் வசந்தி அக்கா சின்னம்மாவைக் காரின் முன் சீற்றில் தலையணைகளோடு இருத்தி, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டு, ஒரு முழுநாள் ஓடி மகனைக் காட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் வருடம் வழியில் சின்னம்மாவுக்கு வருத்தம் கூடி, ஜேர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அம்மாவின் வாயிலிருந்து தற்செயலாக வந்தது.

அந்தக் காலத்தில் குடும்ப வீடியோ அழைப்புகளில் நான் ஒளிந்துகொள்வேன். பிறந்தநாள் என்றால் குசினிக்குள் போய்விடுவேன், தீபாவளி என்றால் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு டயபர் மாற்றக்கூடத் தயாராக இருந்தேன். ஒரு நாள் பரா மாமா என்னைப் பிடித்துப் போனுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் சின்னம்மா. பேச்சு அப்போது கொஞ்சம் திரும்பியிருந்தது. என்னை நிறைய நேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

சின்னம்மா முந்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, வாயின் இடப்பக்கத்தால் கேட்டார்.

"பிள்ளை, சுவிஸ் இப்ப ஐரோப்பாவுக்கு வந்திட்டுதோ?"

முதலில் மாமி சிரித்தார். மாமிக்கு அந்தச் சிரிப்புக்கு உரிமை இருந்தது. அதற்குப் பிறகு விட்பி வீடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன், சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதோ தெரியாது.

அன்றைக்குத் தொடங்கியது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தமாதிரிக் கதைத்தால், சுவிஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாயை அடைப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முழுக்கதையும் தெரியாது, ஆனாலும் கேட்பார்கள். பெட்டி மூடியைக்கூட மாமா எறியவில்லை. விட்பி வீட்டின் வாசலில் பனிச் சப்பாத்துகளைக் கழற்றி வைப்பது அதன் மேலேதான். ஏழு குளிர்காலமாகத் தெருப்பனிக்குப் போட்ட உப்பின் தண்ணியில் பிரான்ஸ், ஜேர்மனி, போலந்து எல்லாம் கரைந்துவிட்டன. தடித்த வேலி போட்டதால் சுவிஸ் மட்டும் அழியாமல் நிற்கிறது. ஒவ்வொரு தரமும் அந்த வீட்டுக்குப் போகும்போது என் சப்பாத்தை அதன் மேலேயே வைக்கிறேன்.

நான் சட்டம் படிக்கப் போகவில்லை. ஐரோப்பா இப்போது அந்த விதிகளையே மாற்றிப் புதிதாக எழுதியிருக்கிறது. முழுவதையும், பின்னிணைப்பு, அடிக்குறிப்பு என்று ஒன்று விடாமல் வாசித்தேன். வாசித்தேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. யார் என்ன கடிதத்தோடு வந்தாலும் நான் சொல்வது ஒரே பதில்தான்: எனக்குத் தெரியாது, வக்கீலைக் கேளுங்கோ. பள்ளிக்கூடத்திலிருந்து பேரப்பிள்ளைக்கு வந்த சுற்றுலாக் கடிதத்துக்கும் அதையே சொன்னதாக பக்கத்து வீட்டு அன்ரி முறைப்பாடு வைத்திருக்கிறார்.

போன மாதம் மாமாவின் பிறந்தநாள். வழமைபோலப் போன் கைமாறி என்னிடம் வந்தது. சின்னம்மா வழமையான கேள்வியைக் கேட்டார், எல்லாரும் வழமைபோலச் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் ரூபன் அண்ணா பயணப்பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். போலந்து அனுமதியோடு அவர் இப்போது சுவிசுக்குப் போகலாம். ஆனால் நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் நிற்கலாம். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. நாட்களின் மேல் கோணல் கோணலாக, பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடிகள். சின்னம்மா இடது கையால் போட்டவை. தொண்ணூறில் இன்னும் ஒரு கட்டம் மட்டும்தான் வெறுமையாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் சின்னம்மா போனைக் கிட்டக் கொண்டுவந்தார். முகம் திரை முழுக்க வந்தது. இந்தத் தரம் பகிடியாகக் கேட்கவில்லை.

"பிள்ளை, நீ படிச்சனி. தொண்ணூறைத் தொண்ணூற்றொண்டாக்க ஏலாதோ?"

ஏலாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும்.

"எனக்குத் தெரியாது சின்னம்மா," என்றேன். "வக்கீலைக் கேளுங்கோ."

வீடு மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னம்மா மட்டும் சிரிக்காமல், நான் வேறு ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.